மஞ்சள் போஞ்சிக்கு வந்த நோய்

உந்த விதையை வாங்காதையும் பிள்ளை. ஓ, வாங்கியே போட்டீரோ? குறை நினையாதையும், பக்கத்தில வந்து இருந்தன், உம்மட மடியில பைக்கற்றைக் கண்டன், வாய் சும்மா இருக்கேல்லை. தமிழ்ப் பிள்ளையெண்டு பஸ் ஏறேக்கயே தெரிஞ்சுபோச்சு. மஞ்சள் போஞ்சி விதைதானே, யெல்லோ பீன்ஸ் எண்டுறது? சும்மா கறிக்கோ, போத்தலில அடைக்கவோ?

போத்தலுக்கோ? அப்ப உது சரிவராது. திருப்பிப் பாரும், உயரம் என்ன போட்டிருக்கு? எட்டடி. பாத்தீரோ, கொடிப் போஞ்சி. உது இண்டைக்கு ஒரு பிடி, நாளைக்கு ஒரு பிடி எண்டு இழுத்து இழுத்துத்தான் காய்க்கும். வீட்டில ரண்டு பேர் கறி வைச்சுச் சாப்பிட நல்லம். போத்தலில அடைக்கிறதுக்கு ஒரே நாளில கூடை நிறையக் காய் வேணும். அதுக்குப் பத்தைப் போஞ்சி வைக்கோணும். ரண்டடிக்கு மேல வளராது, காய்க்கிறதை எல்லாம் ஒரு கிழமைக்குள்ள காய்ச்சுக் கொட்டிப்போடும்.

மற்றது விதையின்ர நிறம். அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை. கறுப்பு விதையெண்டால் போத்தலுக்குள்ள தண்ணி தேத்தண்ணி மாதிரிக் கலங்கிப்போகும். வெள்ளை விதை எடுத்தீரெண்டால் தண்ணி தெளிவா நிக்கும், காயும் நல்ல வடிவாத் தெரியும். தட்டைக் காய் எடாதையும், அவியேக்க மசிஞ்சு போகும். உருண்டைக் காய், நார் இல்லாத காய். பைக்கற்றில எத்தினை நாளில காய்க்கும் எண்டும் போட்டிருப்பினம். அம்பத்தஞ்சுக்கு மேல போகக்கூடாது, இந்த நாட்டில பனி வந்து நிண்டிடும். உதெல்லாம் எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை பிள்ளை. நானாப் பட்டு அறிஞ்சது.

நீர் எங்க இறங்கிறீர்? பெரிய தேவாலயத்தடியிலயோ? நானும் அங்கதான். அப்ப இன்னும் இருபது நிமிசம் இருக்கு, இந்த ட்ரபிக்குக்கு அரை மணித்தியாலமும் ஆகும். ஒருக்கா இந்தத் தோட்ட விண்ணப்பத்தை, இந்த ஃபோமைப் பாரும். இதை இண்டைக்கு அஞ்சு மணிக்கு முன்னம் குடுக்காட்டில் என்ர பாத்தி போச்சு.

தேவாலயத்துக்குப் பின்னால அறுபது பாத்தி பிரிச்சு, தோட்டம் செய்ய ஆக்களுக்குக் குடுக்கினம். என்ரது பத்தடி அகலம், இருபதடி நீளம். நாலு வருசம் பேரைப் பதிஞ்சுபோட்டுக் காத்திருந்து எடுத்தனான். இந்த வருசம் புதுச் சட்டம் கொண்டு வந்திருக்கினம். உமக்கு நோய், வருத்தம் எண்டு வந்தால் பாத்தியை ஆர் பாக்கிறது எண்டு ரண்டாவது ஆளின்ர பேர் எழுதோணும். அந்தக் கோடுதான், கீழே, வெறுமையாக் கிடக்குது. மூண்டு கிழமையா அப்பிடியே கிடக்குது. பேர் இல்லையெண்டால் பாத்தியை அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினம்.

மகனைக் கேட்டால், 'மாமியின்ர பேரைப் போடுங்கோ அம்மா' எண்டுறான். அவன்ர மாமி எண்டால் எனக்குச் சம்பந்தி. மங்கையர்க்கரசி எண்டு பேர். நான் செத்தாலும் போடமாட்டன். சொல்லிப்போட்டன் அவனுக்கு.

ஏனெண்டு கேளும்.

மகனும் மருமகளும் ரண்டு அம்மாமாரையும் ஒரே வீட்டில வைச்சிருக்கினம். நல்ல பிள்ளையள், குறை சொல்லேலாது. ஆனா வீடு மகன்ர, குசினி மங்கையர்க்கரசியின்ர. பத்து வருசமா இதுதான் நிலவரம். நான் கறிக்கு உப்புப் போட்டால் அவ வந்து ருசி பாப்பா. நான் வெங்காயம் வெட்டி வைச்சால் அதை எடுத்து இன்னும் சின்னனா வெட்டுவா. வாற சனமெல்லாம் 'மாமியின்ர கைப்பக்குவம், மாமியின்ர கைப்பக்குவம்' எண்டுதான் சாப்பிட்டிட்டுப் போகும். நான் கழுவின கோப்பையை அவ திரும்பக் கழுவுறதை இந்தக் கண்ணாலயே கண்டிருக்கிறன். அப்ப எனக்கெண்டு ஒரு இடம் வேணுமோ இல்லையோ? அதுதான் அந்தப் பாத்தி. அதுக்குள்ள அவவின்ர கை வரக்கூடாதெண்டு நான் நேர்த்தி வைக்காத குறை.

பக்கத்துப் பாத்தியில ஹலீனா எண்டு ஒரு போலந்துக்காரி இருந்தவ. எண்பது வயசு, இரும்பு மாதிரி மனுசி. அவதான் எனக்கு முதல்முதல் மஞ்சள் போஞ்சிப் போத்தல் ஒண்டு தந்தவ. அந்த மாசியில வெளியில பனி முழங்காலளவு கிடக்குது, நான் உள்ளுக்க இருந்து தோட்டத்துப் போஞ்சி சாப்பிடுறன். அண்டைக்கே முடிவெடுத்தன், நானும் அடைக்கிறதெண்டு. வசந்தம் வர ஹலீனா ரண்டு கடித உறையில விதை கொண்டு வந்தா. அவவின்ர இங்கிலிசும் என்ர இங்கிலிசும் ஒரு அளவுதான். வெள்ளை விதையைக் காட்டி 'பொட்டில்' எண்டா. கறுப்பு விதையைக் காட்டி 'ஈட்' எண்டு வாயைக் காட்டினா. வெள்ளை பத்தை, கறுப்பு கொடி. கறுப்பு விதையை அடைச்சால் எப்பிடிக் கலங்குமெண்டு ஒரு பழைய போத்தலையும் கொண்டு வந்து காட்டினவ.

நான் கறுப்பைத்தான் எடுத்தன். ஏனெண்டு சொல்லுறன். அண்டைக்கு விடியத்தான் மங்கையர்க்கரசி தேத்தண்ணியை ஆத்தி ஆத்திச் சொல்லுறா, 'சம்பந்தியம்மா, உயராத, பதிவான செடியாப் பாத்து வையுங்கோ, அந்த வெளிக்கை காத்து அடிச்சால் கொடி நிக்காது' எண்டு. ஆரைக் கேட்டவ? அப்ப நான் கொடிதானே வைப்பன். நீரெண்டாலும் அதைத்தானே செய்வீர். சரி, நீர் சிரியும்.

நாப்பத்தாறு கொடி. தடி நட்டு, கயிறு கட்டி, ஒவ்வொண்டையும் நானே ஏத்திவிட்டன். வீட்டில ஒருத்தருக்கும் இது மஞ்சள் போஞ்சியெண்டு சொல்லேல்லை. காய் வந்து, போத்தலில அடைச்சு, மேசையில கொண்டுபோய் வைக்கேக்க கண்டு வாயைப் பிளக்கட்டும் எண்டு இருந்தன்.

போன வருசம் யூலையில எனக்கு வலது கண்ணில ஒப்பரேஷன். வெண்புரை. டொக்டர் சொல்லிப்போட்டார், ரண்டு கிழமை குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மண் தூசி கண்ணில படவே கூடாதெண்டு. தோட்டத்துச் சட்டம் என்னெண்டால், ரண்டு கிழமை ஆள் வராட்டில் பாத்தியைச் சுத்தி ஓரேஞ்சு நிற நாடா கட்டுவினம், ரேப் எண்டுறது. ரேப் கட்டினால் முடிஞ்சுது. மகன் சொன்னான், 'மாமி போய்த் தண்ணி விடுவா' எண்டு. 'காஞ்சு செத்தாலும் பரவாயில்லை, அவ போகக்கூடாது' எண்டன். அவன் எனக்குத் தெரியாமல் தண்ணிக் குழாய்ப் பூட்டின்ர திறப்பை எடுத்து அவவிட்டைக் குடுத்திட்டான்.

மூண்டாம் நாள் பின்னேரம் அவ வந்து என்ர கட்டிலடியில நிக்கிறா. நெத்தியில வேர்வை, சாறிக்கரையில மண்.

'சம்பந்தியம்மா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. உங்கட போஞ்சிக்கு மஞ்சள் நோய் வந்திட்டுது. காயெல்லாம் மஞ்சள் மஞ்சளாப் போச்சு. பக்கத்துப் பாத்தியளுக்குத் தொத்த முன்னம் எல்லாத்தையும் வேரோட புடுங்கி, பையில கட்டி, குப்பையில போட்டிட்டன். கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டன்.'

நாப்பத்தாறும். ஒண்டு மிச்சமில்லை.

ஊரில அவவின்ர தேப்பன் பயித்தங்காய்த் தோட்டம் செய்தவராம். மஞ்சள் அடிச்சால் அண்டைக்கே புடுங்கி எரிப்பினமாம், இல்லாட்டில் பக்கத்துத் தோட்டக்காரன் சண்டைக்கு வருவானாம். இலை பச்சையா நிக்குது, காய் மட்டும் மஞ்சளா, பளபளப்பாத் தொங்குது, அதுக்குப் பேர் நோயோ? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமோ இல்லையோ? நான் முன்னமே சொல்லியிருக்கலாம் எண்டு நீரும் சொல்லப் போறீர். மகனும் அதைத்தான் சொன்னான். நான் ஏன் சொல்லோணும்? என்ர பாத்தி.

ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு நிண்டு கத்தினன் பிள்ளை. டொக்டர் கத்தக் கூடாதெண்டு சொல்லேல்லைத்தானே. அதோட அவவோட கதைக்கிறதை நிப்பாட்டினன். மூண்டு மாசம். ஒரே வீட்டில, ஒரே குசினியில, ஒரு சொல் இல்லை. பால் முடிஞ்சால் அவ ஃபிரிஜ்ஜைப் பாத்துச் சொல்லுவா, 'பால் முடிஞ்சுது' எண்டு. நான் சுவரைப் பாத்து, 'எனக்குக் கண் தெரியும்' எண்டுவன்.

கண்ணுக்கு மருந்து விடுறதுதான் கரைச்சல். ஒரு நாளைக்கு நாலு தரம் விடோணும், நாலு கிழமைக்கு. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவினம். நானா விட்டால் மருந்து கன்னத்தில வழியும். அதால நேரத்துக்கு நேரம் நான் கதிரையில போய் இருந்து முகட்டைப் பாப்பன். அவ வந்து இமையை ரண்டு விரலால பிடிச்சு ஒரு துளி விடுவா. நான் எழும்பிப் போயிடுவன். நாலு கிழமையில ஒரு நேரம் பிந்தேல்லை மனுசி. அவ்வளவு பிடிவாதம். நான் நன்றி சொல்லேல்லை. ஏன் சொல்லோணும், புடுங்கினது அவதானே.

ஓகஸ்ற் நடுவில டொக்டர் விட்டவுடன தோட்டத்துக்கு ஓடினன். ஓரேஞ்சு ரேப் கட்டியிருப்பினம், பாத்தி வெறுமையாக் கிடக்கும், அழுதுபோட்டு வாறதுதான் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். பாத்தால் ரேப் இல்லை. அது என்ர அதிர்ஷ்டம். பாத்திக்குள்ள மூண்டு வரிசை பத்தைப் போஞ்சி, கணுக்கால் உயரத்துக்கு மேல, பச்சைப் பசேலெண்டு நிக்குது!

ஹலீனா கையாலயும் வாயாலயும் சொல்லித்தான் விளங்கினது. புடுங்கின அடுத்த நாளே மங்கையர்க்கரசி திரும்பப் போயிருக்கிறா. ஹலீனா தன்ர பாத்தியில காய்ச்ச மஞ்சள் போஞ்சியைக் காட்டி, ஒண்டை முறிச்சுத் திண்டு காட்டி, இதின்ர நிறமே இதுதானெண்டு விளங்கப்படுத்தியிருக்கிறா. மனுசி அப்பிடியே மண்ணில இருந்திட்டாவாம், தலையில கையை வைச்சுக்கொண்டு. பிறகு எழும்பி, வெள்ளை விதையைக் கேட்டு வாங்கி, முழங்காலில நிண்டு நட்டாவாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரண்டு பஸ் மாறி வந்து தண்ணி விட்டாவாம். முழங்காலுக்குப் பட்டி போட்டுக்கொண்டு படி ஏறுற மனுசி.

எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. என்ர பாத்தியில என்னைக் கேளாமல் நட்டிருக்கிறா! அதுவும் நான் வேண்டாமெண்டு தள்ளின வெள்ளை விதை! முதல் கேளாமல் புடுங்கினா, பிறகு கேளாமல் நட்டா. இதில எது பெரிய குற்றமெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை. குனிஞ்சு ஒரு செடியைப் புடுங்கினன். ஓம், புடுங்கினன், ஏன் பொய் சொல்லுவான். ஒண்டு. வேர் நல்ல நீளமா இறங்கியிருந்தது. அதுக்குப் பிறகு மற்றதில கை போகேல்லை. டொக்டரும் கனக்கக் குனிய வேண்டாமெண்டவர்தானே.

செப்ரெம்பர் மூண்டாம் கிழமை, ஒரு சனிக்கிழமை, மூண்டு கூடை. ஒரே நாளில. மஞ்சளெண்டால் அப்பிடி ஒரு மஞ்சள், முறிச்சால் டக்கெண்டு சத்தம் கேக்கும். அதை வைச்சிருக்கேலாது பிள்ளை, ஒண்டு ரண்டு நாளுக்குள்ள அடைக்கோணும். ஹலீனா தன்ர பெரிய பானையை என்ர மகன்ர காரில ஏத்தி அனுப்பினா. மணிக்கூடு மாதிரி முள்ளு வைச்ச பானை, உள்ளுக்க ஆவியின்ர அமத்தம் எவ்வளவெண்டு காட்டும். எங்கட சோறு வைக்கிற குக்கரில உது செய்யேலாது, கேட்டீரோ. சும்மா கொதிதண்ணியில போத்தலை வைச்சு எடுக்கிறது பழத்துக்குச் சரி. போஞ்சிக்கு அது காணாது, நஞ்சாப் போயிடும், மணத்தில கூடத் தெரியாது. விளையாடாதையும் அதோட.

குசினிக்கை போனால், அவ மேசையைச் சீலைத் துண்டால துடைச்சு, போத்தலெல்லாம் சுடுதண்ணியில கழுவிக் கவிட்டு வைச்சுக்கொண்டு நிக்கிறா. ஆரும் கூப்பிடேல்லை. போ எண்டும் நான் சொல்லேல்லை. மூண்டு கூடையைத் தனியச் செய்யேலாதெண்டது எனக்குத் தெரியாதோ? நான் நுனியும் காம்பும் கிள்ளினன், அவ ஒரே அளவா முறிச்சா. நான் போத்தலில போட்டன், அவ கொதிதண்ணி விட்டா. இடையில ஃபிரிஜ்ஜைப் பாத்து, 'போத்தல் கழுத்தில ஒரு அங்குலம் வெளி விடோணுமாம்' எண்டா. நான் சுவரைப் பாத்து, 'ஹலீனா எனக்கும் சொன்னவ' எண்டன். பானையை அடுப்பில வைச்சு ஒவ்வொருக்காவும் இருபது நிமிசம் அந்த முள்ளைப் பாத்துக்கொண்டு நிக்கோணும். அவதான் நிண்டவ. கதிரை எடுத்துப் போட்டன், அவவுக்கில்லை, வழியில கிடந்ததெண்டு தள்ளிவிட்டன். அவ இருந்திட்டா.

எல்லாத்தையும் மேசையில ஆற வைச்சம். ஆறேக்க மூடி உள்ளுக்க இழுபட்டு 'டிக்' எண்டு ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் போத்தல் சரியா அடைபட்டுதெண்டு அர்த்தம். இருபத்தினாலு போத்தல். மேசைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். டிக். அவ 'ஒண்டு' எண்டா. டிக். நான் 'ரண்டு' எண்டன். அவ 'பதினேழு', நான் 'பதினெட்டு'. உதைக் கதைச்சதாக் கணக்கெடுக்கக் கூடாது, எண்ணினது. இருபத்திமூண்டோட நிண்டிட்டுது. கடைசிப் போத்தலைப் பாத்துக்கொண்டு ரண்டு பேரும் இருந்தம், தேத்தண்ணியும் குடியாமல். கனநேரம் இருந்தம். அது அடிக்கவே இல்லை. அதை அண்டைக்கே கறி வைச்சம். அவ பால்கறி வைச்சா. நல்லாத்தான் இருந்தது.

அடுத்த நாள் போத்தலுக்கெல்லாம் பேர் ஒட்டினன். என்ர பேர்தான் எழுதினன். வேற ஆற்ற பேரை எழுதுறது?

ஒக்ரோபரில தோட்டத்தில ஒரு விருந்து வைப்பினம், எல்லாரும் விளைஞ்சதைக் கொண்டுபோய் நீளமேசையில அடுக்கிறது. ஹலீனா என்ர போத்தல் ஒண்டைத் தூக்கி வெயிலுக்குப் பிடிச்சா. தண்ணி அப்பிடித் தெளிவு, ஒவ்வொரு காயும் எண்ணலாம். சனம் சுத்தி நிண்டு 'ஆர் செய்தது, ஆர் செய்தது' எண்டு கேக்குது. 'நான்' எண்டன். கை தட்டினவை. திரும்பிப் பாத்தால், எனக்குப் பின்னால மங்கையர்க்கரசி என்ர குளிர்க்கோட்டைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறா. அவவும் தட்டினவ, கோட்டு கையில இருந்ததால சத்தம் கேக்கேல்லை.

வீட்டை வரேக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வெட்கம் எண்டு வையுமன். வெட்கம்தான். புடுங்கினவ அவ, வெட்கம் எனக்கோ எண்டு நினைக்க இன்னும் கோவம் கூடிச்சுது. அதுக்குப் பிறகு உப்புத் தா, கரண்டி தா எண்டு கதைக்கிறம், நல்லாக் கதைக்கிறம் எண்டு நினையாதையும்.

இப்ப சொல்லும், அவவின்ர பேரை நான் எழுதலாமோ? மகன் வேலைக்கெண்டு ஊரூராப் பறக்கிறவன். மருமகள் ஆஸ்பத்திரியில முறை மாறி மாறி வேலை. ஹலீனா பனிக்காலம் வரேக்கயே பாத்தியை விட்டிட்டு மகள் வீட்டை போயிட்டா. பிள்ளை, நீர் கிட்டத்தானே இருக்கிறீர்? உம்மட பேரைப் போடட்டோ? உண்மையைச் சொன்னால் பஸ்ஸில எத்தினையோ இடம் கிடந்தது, விதைப் பைக்கற்றைக் கண்டுதான் உமக்குப் பக்கத்தில வந்து இருந்தனான்.

என்ன? உமக்கும் பாத்தி கிடைச்சிட்டுதோ? நீரும் ஃபோம் குடுக்கத்தான் வாறீரோ? அட. அப்ப சரிவராது, பாத்தி வைச்சிருக்கிற ஆள் இன்னொரு ஆளுக்கு நிக்கேலாது, அதுவும் ஒரு சட்டம். எத்தினையாம் இலக்கம்? இருபத்தேழோ! அது ஹலீனாவின்ர எல்லோ. நான் இருபத்தாறு. அப்ப நீர் எனக்குப் பக்கத்துப் பாத்தி.

உந்தக் கொடி விதையைக் கடையில திருப்பிக் குடும். இந்தாரும், இந்த உறையைப் பிடியும். வெள்ளை விதை. போன வருசம் அஞ்சாறு செடியை முத்தவிட்டுக் காயவைச்சு எடுத்தது. ஆர் எடுத்து வைச்சதெண்டு ஏன் கேக்கிறீர்? அவதான். உறையில தமிழில எழுதியிருக்கிறா பாரும், 'சம்பந்தியம்மாவின்ர போஞ்சி, நோய் இல்லை' எண்டு. பகிடி விடுறாவாம்.

தேவாலயக் கோபுரம் தெரியுது. நாலரையாச்சு. உம்மட்டைப் பேனை இருக்கோ? என்ர இங்கிலிஸ் எழுத்து கோழி கிளறின மாதிரி, ஒருத்தருக்கும் விளங்காது. அந்தக் கோட்டில எழுதும். பாத்தி போகக்கூடாதெண்டதுக்காக எழுதுறன், வேற ஒண்டுக்கும் இல்லை, விளங்குதோ. மங்கையர்க்கரசி. ஓம், முழுசா எழுதும். கட்டம் காணாதோ? கட்டத்துக்கு வெளியில எழுதும். அவவின்ர பேர் அப்பிடித்தான், மற்ற ஆளின்ர இடத்துக்குள்ள வந்துதான் முடியும்.

அடுத்தது என்ன கேக்குது? உறவோ? சம்பந்திக்கு இங்கிலிஸில என்ன சொல்லுறது? ஒண்டும் இல்லையோ? நீர் என்ன எழுதிறீர்? 'பிரண்ட்' எண்டோ! வெட்டும் பிள்ளை, வெட்டும் உதை. அவ கண்டால் தலையில ஏறி இருப்பா. பொறும், பேனையால வெட்டினால் ஊத்தையாப் போயிடும், ஃபோமை எடுக்கமாட்டினம். கிடக்கட்டும் விடும்.

கீழே கொஞ்சம் இடம் கிடக்குதெல்லோ, வேற ஏதும் சொல்ல இருந்தால் எழுதச் சொல்லி? அதில எழுதும். இவ தண்ணி விடலாம். நடலாம், கேட்டுப்போட்டு. புடுங்கேலாது. பெரிசா எழுதும், கீழ ஒரு கோடும் இழும். புடுங்கேலாது.